இருப்புப் பதிவேடு

அணைக்கரை ஆய்வு மாளிகையில்
தேக்கு நாற்காலி ஆறு, அதில் கை உடைந்தது ஒன்று,
பெட்ரோமாக்ஸ் இரண்டு,
கொசுவலைக் கம்பி எட்டு,
வேம்பு இரண்டு, தென்னை நான்கு.
வாசற்படியிலிருந்து கொடிக்கம்பம் வரை
இருபுறமும் வரப்புக் கட்டி நிற்கும்
புல் மாதிரியான இந்தச் செடிக்கு மட்டும்
வரிசை எண் இல்லை.

நான் பொறுப்பேற்றது ஜூனில்.
மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்து
வடவாற்று மதகில்
கன அடிக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்.
லஸ்கர் பக்கிரிசாமி தினமும்
வாய்க்காலில் மொண்டுவந்து ஊற்றினார்.
இலை தழைத்தது. அவ்வளவுதான்.
"இதுக்கு ஆத்துத் தண்ணி ஆவாதும்மா.
மேலேர்ந்து விழணும்."

ஆவணியில் ஒரு ராத்திரி
இடியோடு ஒரு மணி நேரம் பெய்தது.
நாலாம் நாள் காலையில்
படியிறங்கக் கால் வைக்க இடமில்லாத வெள்ளை.
ஆறு இதழ், நடுவே ஆறு மஞ்சள் குச்சி.
முகர்ந்து பார்த்தேன், மணமில்லை.
மாலையில் கோக்க நிற்காத காம்பு.
கும்பகோணம் பூக்கடையில்
இதற்கு விலை கேட்க ஆளில்லை.
அதனால்தான் பிழைத்துக் கிடக்கிறது போலும்.

தேடிப் படித்தேன்.
சொந்த மண் தென் அமெரிக்கா,
வெள்ளி ஆறு என்று பெயர் வாங்கிய
ஏதோ ஓர் ஆற்றின் சேற்றுக்கரை.
பெயர் வைத்தவர்கள் கிரேக்கத்தில்
மேல்காற்றின் பூ என்றார்கள்.
நம் ஊரில் மேல்காற்றுக்குக் கோடை என்று பேர்.
கோடையே என்று கூப்பிட்டால்
இது திரும்பியும் பார்க்காது.
கொண்டல் கறுத்தால்தான் தலை நீட்டும்.

இங்கே யார் கொண்டுவந்தது?
ஒரு துரையின் டிரங்குப் பெட்டியில்
துணிமணிக்கு நடுவே வந்திருக்கலாம்.
கல்கத்தாவிலிருந்து ரயிலில்,
உலர்ந்த மண்ணோடு, தூங்கிக்கொண்டே.
நட்டவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இருக்கும் ஒரே சாட்சி
செல் அரித்த ஒரு கோப்பு.
அறுபத்தேழு நவம்பர். விளக்கம் கோரும் குறிப்பாணை:
மாளிகைச் சமையலர் தையல்நாயகி
முற்றத்துக் கிழங்குகளைச் சின்ன வெங்காயமெனக் கருதிச்
சாம்பாரில் இட்டமையால்
மேற்பார்வையாளர் இரவு முழுதும் வாந்தி எடுத்தது குறித்து.

பதில், எழுத்தர் கையெழுத்தில்,
கீழே அவள் பெருவிரல் ரேகை:
தோல் வெங்காயம் போலவே இருந்தது ஐயா.
அரியும்போது கண் எரியவில்லை.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வெங்காயத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்ட
இவ்வளவு சரியான வரியை
நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை.
அவளுக்கு அரை மாதச் சம்பளம் பிடித்தார்கள்.
கிழங்குகளை யாரும் பிடுங்கவில்லை.
பிடுங்கச் சொன்ன உத்தரவு இருக்கிறது,
பிடுங்கியதற்குப் பில் இல்லை.

போன மாசியில்
முற்றத்துக்கு சிமென்ட் கல் பதிக்க மதிப்பீடு வந்தது.
"அகற்ற வேண்டிய மரங்கள்" என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பொய் இல்லை. மரம் இல்லைதானே.
மணல் விரித்து, கல் அடுக்கி, தட்டி முடிக்க மூன்று நாள்.
பக்கிரிசாமி அந்த மூன்று நாளும்
மதகுக்கு கிரீஸ் போடப் போய்விட்டார்.

இன்று பதிவேட்டில்
புதிதாக ஒரு வரி சேர்த்தேன்.
வரிசை எண் நாற்பத்துமூன்று.
பொருளின் பெயர் எழுதுமிடத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்து
மழைப்பூ என்று எழுதினேன்.
நிலை: தரைக்குக் கீழ்.
எண்ணிக்கையைக் காலியாக விட்டிருக்கிறேன்.
வானம் இன்னும் வெறும் வெளுப்பு.

வெளியே பக்கிரிசாமி
கல்தளத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்,
இடுக்கு வரும்போது மட்டும்
விளக்குமாற்றைச் சற்றே தூக்கிக்கொண்டு.